பன்னிரண்டாவது மாதம்

முற்பகல் பத்து ஐந்துக்குப் பெட்டியைத் திறந்தார்கள்.

இறுதிச்சடங்கு மண்டபத்தின் வெள்ளைக் கையுறை போட்ட பெண் மூடியின் மேல்பாதியை உயர்த்தி நிறுத்திவிட்டு வித்தியாவின் பக்கம் திரும்பினாள். காலுறை கொண்டுவந்தீர்களா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

கொண்டுவரவில்லை. பட்டுவேட்டி, சால்வை, வெள்ளைச் சட்டை, உருத்திராட்சம், விபூதிப் பை. எல்லாவற்றையும் வித்தியா தொலைபேசியில் பட்டியல் போட்டு, எடுத்து வைக்க வைக்க ஒவ்வொன்றாக நீக்கியிருந்தாள். பட்டியலில் காலுறை இல்லை.

“கவலைப்படாதீர்கள். கீழ்ப்பாதி மூடித்தான் இருக்கும். கால் தெரியாது,” என்றாள் அந்தப் பெண்.

“என்னவாம்?” என்று கேட்டாள் அம்மா.

“சொக்ஸ் கேக்கினம். இல்லாட்டிலும் பரவாயில்லையாம். கால் வெளியில தெரியாதாம்.”

“தெரியாட்டில் குளிராதோ?”

தம்பி விதுர்சன் கதிரையில் இருந்து தன் சப்பாத்துகளைக் கழற்றினான். பிறகு காலுறைகளை. “கிரியைக்கு நான் வெறுங்காலோடதானே நிக்கோணும்,” என்றான். அந்தப் பெண் அவற்றை வாங்கி, முகத்தில் எதுவும் காட்டாமல், கீழ்ப்பாதியையும் திறந்து அப்பாவின் காலில் போட்டுவிட்டாள்.

வித்தியா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் காலில் கடைசியாக இருந்த சப்பாத்துகள் அவளுடைய காரின் பின்பெட்டியில் கிடந்தன. ஆஸ்பத்திரியில் கடதாசிப் பை ஒன்றில் போட்டுக் கொடுத்தவை. முனையில் இரும்பு வைத்த வேலைச் சப்பாத்துகள்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை, லாசாலில், வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த பஸ் தரிப்பிடத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் அப்பா உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்து காத்திருந்த பஸ் சாரதி, அவர் எழும்பாததைப் பார்த்து இறங்கி வந்து தொட்டிருக்கிறான். வெளியே மைனஸ் இருபத்திமூன்று. இதயம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். நடக்கப் போனவர் என்றாள் அம்மா.

நடக்கப் போகிறவர் இரும்புச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போவதில்லை.

அப்பா நகுலேஸ்வரன் இருபத்திரண்டு வருடம் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் நிறுவனத்தில் வேலை செய்தவர். தட்டு வண்டிகளை லொறியில் ஏற்றுவதும் இறக்குவதும். அறுபத்தெட்டு வயதில், போன ஒக்டோபரில், போதும் என்று நிறுத்தினார். அப்படித்தான் சொன்னார். வித்தியா தான் இருக்கும் புரோசார்டிலிருந்து கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். அப்பா கேக்கை வெட்டி முதல் துண்டை அம்மாவுக்குக் கொடுத்தார். அம்மா வாங்கிக்கொண்டாள், சாப்பிடவில்லை.

கடதாசிப் பையில் அப்பாவின் வேலை அட்டையும் இருந்தது. கழுத்தில் மாட்டுகிற அட்டை. கொடுத்த திகதி நவம்பர் பதினெட்டு.

அதோடு ஜக்கெற்றின் உள்பையில் மூன்று கடித உறைகள். ஒவ்வொன்றின் மேலும் அப்பாவின் சாய்ந்த எழுத்தில் ஒரு பெயர். நல்லம்மா. அருமைநாதன். அல்பேட். உள்ளே நூற்றைம்பது, நூற்றைம்பது, எண்பது.

வித்தியாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சீட்டு. அப்பா வேலை செய்யும் இடத்தில் வருடக்கணக்காகச் சீட்டு நடத்தியவர். போன வருடம் அதையும் விட்டுவிட்டேன் என்றார். ஆக இரண்டு பொய். வேலையை விட்டேன், சீட்டை விட்டேன். எவனோ எவளோ சீட்டுக் கட்டுவதற்காக இந்த மனிதர் விடியற்காலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்து குளிரில் செத்திருக்கிறார்.

மூன்று பேரும் இன்றைக்கு வருவார்கள். எல்லோருக்கும் முன்னால் உறைகளை அவர்களுடைய கையில் கொடுத்து, மனிதனைக் கொன்றுவிட்டீர்களே, திருப்தியா என்று கேட்கப் போகிறாள். நான்கு நாளாக அந்தக் கேள்வியை அவள் மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவேயில்லை.

அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வித்தியா பக்கத்தில் போய் இருந்தாள்.

“அம்மா, ஆர் இந்த நல்லம்மா?”

அம்மா பாலாம்பிகை பெட்டியைப் பார்த்தபடியே இருந்தாள்.

“அப்பாவோட வேலை செய்தவ.”

“செய்தவவோ, செய்யிறவவோ?”

“இப்ப கதைக்கிற கதையே இது?”

“அவர் வேலைக்குப் போனது உங்களுக்குத் தெரியும். மூண்டு மணிக்கு எழும்பித் தேத்தண்ணி வச்சுக் குடுத்தது நீங்கள்தானே. நான் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஃபோன் எடுக்கேக்க, அப்பா படுத்திட்டார் எண்டு சொல்லுவியள். ஆறரைக்கு ஏன் படுக்கிறார் எண்டு நான் கேக்கேல்லை. மாட்டுத்தனமா நம்பினன்.”

“தம்பியின்ர வேட்டி அவிழப் போகுது. போய்ப் பார்.”

“அம்மா.”

“போய்ப் பார், பிள்ளை.”

விதுர்சன் வேட்டியை இடுப்பில் பிடித்தபடி ஐயருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். இருபத்தொன்பது வயது, மென்பொருள் வேலை, இதற்குமுன் வேட்டி கட்டியதில்லை. வித்தியா தன் கைப்பையைத் திறந்து ஒரு ஊசி எடுத்துக் குத்திவிட்டாள்.

“மெர்சி,” என்று நன்றி சொன்னான். பிறகு மெதுவாக, “அக்கா, பந்தம் கொளுத்த விடமாட்டினமாம். ஃபயர் அலாம் அடிக்குமாம். பற்றறி மெழுகுதிரி குடுப்பினமாம். அது சரியோ?”

“ஐயரைக் கேள்.”

“கேட்டனான். இங்க எல்லாரும் அதுதானாம். வெளிச்சம் இருந்தாச் சரியாம்.”

பதினொரு மணிக்குள் மண்டபம் நிறைந்துவிட்டது. கனத்த கோட்டுகள், ஈரச் சப்பாத்துகள். வருகிறவர்கள் வரிசையாக வந்து அம்மாவின் கையைப் பிடித்துவிட்டு வித்தியாவின் கையைப் பிடித்தார்கள். நல்ல மனிசன். வருத்தம் துன்பம் இல்லாமல் போட்டார். குடுத்து வச்ச சாவு. மூன்றாவது முறை அந்தச் சொல்லைக் கேட்டபோது வித்தியா கையை இழுத்துக்கொண்டாள். பஸ் தரிப்பிடத்தில் குளிரில் உறைந்து கிடப்பதா குடுத்து வைத்த சாவு?

வரிசையில் பற்றிக் வந்தார். லாசால் வங்கிக் கிளையில் அவளுடைய முகாமையாளர். கறுப்புக் கோட்டு, கையில் பெரிய மலர்வளையம். வளையத்தின் குறுக்கே வங்கியின் பெயர் பொறித்த நாடா. அவர் அதை அப்பாவின் தலைமாட்டில் சாய்த்து வைத்துவிட்டு, சிறிது நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு வித்தியாவிடம் வந்தார்.

“உன் அப்பா எனக்கு நன்றாக நினைவிருக்கிறார்,” என்றார் பிரெஞ்சில். “சனிக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவாரே. ஒவ்வொரு முறையும் என் கையைப் பிடித்துக் குலுக்குவார்.”

“ஆம்.”

“அவசரமில்லை. எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்.” குரலைத் தாழ்த்தினார். “ஒரு விஷயம். நீ அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். நீ திறந்துவைத்த நாற்பத்தொரு சேமிப்புக் கணக்குகளில் அவருடையதும் ஒன்று. பன்னிரண்டு மாதம் முடியுமுன் மூடினால் எண்ணிக்கையில் கழியும், இல்லையா? இறப்பினால் மூடுகிற கணக்கு கழியாது. நான் மேலே கேட்டு எழுத்தில் வாங்கிவிட்டேன். உன் பதவி அப்படியே இருக்கும்.”

அவர் உண்மையான கனிவோடுதான் சொன்னார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. இந்த நான்கு நாளில் இவள் அதை நினைத்திருப்பாள் என்று அவர் நினைத்திருக்கிறார். நினைத்து, யாரோ ஒருவருக்கு எழுதி, பதில் வாங்கி, அதை ஒரு பரிசு போலக் கொண்டுவந்திருக்கிறார்.

“மெர்சி,” என்றது அவளுடைய வாய்.

அவர் போனதும் மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், கோட்டு மாட்டும் இடத்துக்குக் கீழே, ஈரச் சப்பாத்துகளுக்கு நடுவில் வைத்தாள். பத்து நிமிடத்தில் அது பழைய இடத்தில் இருந்தது. அம்மா யாரையோ அனுப்பி எடுப்பித்திருந்தாள்.

“பூ என்ன செய்தது?” என்றாள் அம்மா.

வித்தியா நாடாவை மட்டும் எழுத்துத் தெரியாதபடி மறுபக்கம் திருப்பிவிட்டாள்.

பதினொன்றரைக்கு இரங்கலுரைகள். கோயில் சபைக்காரர் ஒருவர் பேசினார். பிறகு அன்டன் எழுந்தார். அப்பாவோடு ஒரே லொறியில் பதினெட்டு வருடம் வேலை செய்தவர். ஒலிவாங்கியை வாயில் முட்டும்படி பிடித்துக்கொண்டார்.

“நான் வேதக்காரன். உங்கட தேவாரம் ஒண்டும் எனக்கு வராது. பைபிளும் வராது எண்டு என்ர மனிசி சொல்லுவா.” சிலர் சிரித்தார்கள். “நகுலேசண்ணையைப் பற்றி ஒண்டு சொல்லலாம். எங்களைச் சேமிக்கப் பழக்கினது அவர்தான். எத்தினை வருசம் சீட்டு நடத்தினவர். ஒருத்தற்றை முறையும் ஒரு நாள் பிந்தேல்லை. ஒருக்கா ஒருத்தன் எடுத்த சீட்டோட ரொறன்ரோவுக்கு ஓடிட்டான். பேர் சொல்லமாட்டன், அவன்ர மச்சான் இஞ்ச இருக்கிறான்.” பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. “அண்ணை ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. அவன்ர பங்கை ஏழு மாசம் தானே போட்டவர். சீட்டு நடத்துறவன்தான் பொறுப்பு எண்டு சொல்லுவார்.

“போன மாசியில ஒரு நாள் சொன்னார், இனிச் சீட்டில்லை, எல்லாரும் என்ர மகளின்ர பாங்குக்கு வாங்கோ எண்டு. செக்கிங் கணக்கொண்டு, அதோட கொழுவின சேமிப்புக் கணக்கொண்டு. மாசம் அஞ்சாம் திகதி அதிலயிருந்து இதுக்குத் தானாப் போகுமாம். சனிக்கிழமை சனிக்கிழமையாக் கூட்டிக்கொண்டு போனவர். பொம்பிளை பாக்கப் போற மாதிரி சேட் அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வரச் சொன்னவர். அருமைநாதன் ரை கட்டிக்கொண்டு வந்தவன். பாங்கில அவனை மனேஜர் எண்டு நினைச்சு ஒரு வெள்ளைக்காரி மோட்கேஜ் கேட்டவ.”

மண்டபம் முழுவதும் சிரித்தது. அம்மாகூட வாயைச் சேலைத் தலைப்பால் மூடினாள். அன்டன் சிரிக்கவில்லை. ஒலிவாங்கியைப் பார்த்தார்.

“அவ்வளவுதான். அண்ணை சொன்னதைச் செய்தவர்,” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

வித்தியாவுக்கு அந்தச் சனிக்கிழமைகள் நினைவிருந்தன. மாதச் சேமிப்புத் திட்டத்துக்கு இலக்கு நாற்பது. பெப்ரவரி நடுப்பகுதி வரை அவளிடம் இருபத்தொன்பது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் சமையலறையில், சோறு ஆறிக்கொண்டிருக்க, மடிக்கணினியைத் திறந்து வைத்துப் புலம்பினாள். நாற்பதைத் தொடாவிட்டால் மூத்த ஆலோசகர் பதவி இந்த முறையும் இல்லை. அப்பா எதிரில் இருந்து கேட்டார். எத்தினை பேர் வேணும் என்று மட்டும் கேட்டார்.

பன்னிரண்டு பேர் வந்தார்கள், அப்பாவையும் சேர்த்து. வேறு வங்கியில் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு முதலில் இங்கே ஒரு நடைமுறைக் கணக்குத் திறக்க வேண்டியிருந்தது. பிறகு அதோடு சேமிப்புக் கணக்கை இணைக்க வேண்டும். இணைத்தால்தான் எண்ணிக்கை. தொகை, திகதி, கையெழுத்து. பன்னிரண்டு மாதம் தவறாமல் போக வேண்டும். அதுவரை மூடக் கூடாது. அவள் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் சொன்னாள். அப்பா ஒவ்வொருவரோடும் பக்கத்துக் கதிரையில் இருந்து ஒவ்வொரு முறையும் முழுவதையும் கேட்டார்.

கடைசி ஆள் போன பிறகு அப்பா எழும்பவில்லை.

“பிள்ளை, இதில ஒருத்தன் ஒரு மாசம் தவறினா?”

“தவறக் கூடாதப்பா. தவறினா என்ர பேரில விழும்.”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். அப்பா சரி என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

இவ்வளவும் இப்போது ஏன் நினைவுக்கு வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிய விரும்பவும் இல்லை. அவள் எழுந்து அன்டனைத் தேடிப் போனாள்.

அவர் நடைவழியில் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் கடதாசிக் கோப்பையோடு நின்றார்.

“மாமா, அப்பாவைத் திருப்பி வேலைக்குக் கூப்பிட்டது ஆர்?”

“பிள்ளை...”

“எனக்கு எல்லாம் தெரியும். அட்டை என்னட்ட இருக்கு. நவம்பர்ல எடுத்த அட்டை. அறுபத்தெட்டு வயசு மனிசன். ஏற்கெனவே ஒருக்கா நெஞ்சுநோ வந்த மனிசன். விடிய நாலு மணி வேலைக்கு எடுத்திருக்கிறாங்கள், வெக்கமில்லாமல். நாலு மொழியில அனுதாப அட்டை அனுப்பியிருக்கிறாங்கள். தமிழ் கடைசியில.” கைப்பையைத் திறந்து உறைகளை எடுத்தாள். “அவங்கள் வெள்ளைக்காரர், விடுங்கோ. நீங்கள் என்ன செய்தனீங்கள்? இது என்ன? சீட்டை விட்டுட்டன் எண்டு அப்பா என்னட்டச் சொன்னவர். நீங்கள் விட விடேல்லை. அந்தாளைப் பிடிச்சு வச்சுச் சீட்டு நடத்திக்கொண்டு இருந்திருக்கிறியள். எங்க இந்த நல்லம்மா? வந்திருக்கிறாவோ? நான் அவவோட கதைக்கோணும்.”

அன்டன் உறைகளைப் பார்த்தார். கோப்பையை இயந்திரத்தின் மேல் வைத்தார்.

“இது சீட்டில்லை, பிள்ளை.”

“அப்ப?”

“சீட்டை மனிசன் சொன்ன மாதிரியே விட்டவர். இது உன்ர கணக்கு.”

“என்ர கணக்கோ?”

“அஞ்சாம் திகதிக் கணக்கு.”

நடைவழியின் மறுமுனையில் யாரோ கதவைத் திறந்தார்கள். குளிர் உள்ளே வந்து, கதவு மூடியது.

“நல்லம்மாவுக்கு முழங்கால் ஒப்பரேசன். செப்ரெம்பரில இருந்து வேலையில்லை. அருமைநாதனுக்கு வாடகையை ஏத்திப்போட்டாங்கள். அல்பேட் மனிசியை ஸ்பொன்சர் பண்ணிக்கொண்டிருக்கிறான். மூண்டு பேரும் அண்ணையிட்டப் போய், எங்களால ஏலாது, மூடப் போறம் எண்டு சொன்னவை. அவர், மூடேலாது, நடுவில மூடினாப் பிள்ளைக்குப் பேர் கெட்டுடும் எண்டார். நான்தானே உங்களைக் கூட்டிக்கொண்டு போனனான், நான்தான் பொறுப்பு எண்டார். வேலையை விட்ட காசு கொஞ்சம் இருந்துது. ரெண்டு மாசம் அதில போட்டவர். பேந்து காணேல்லை. விடிய ஷிஃப்ற்றுக்குக் குளிர்காலத்தில ஒருத்தனும் வாறேல்லை, அவங்கள் கேட்டோடன எடுத்திட்டாங்கள். மாசம் மாசம் நாலாம் திகதி, லொக்கருக்குப் பக்கத்தில வச்சு உறையைக் குடுப்பார். நல்லம்மாவின்ர உறையை நான் கொண்டுபோய்க் குடுப்பன். உடன கொண்டுபோய்ச் செக்கிங்கில போடோணும், அஞ்சாம் திகதி விடிய எடுத்திடும் எண்டு பயப்பிடுவார். அல்பேட் பாதி போடுவான், மிச்சத்தை அண்ணை. எனக்கும் ஒருக்காத் தந்தவர்.”

“மாமா...”

“நான் சொன்னனான், மகளிட்டக் கேளுங்கோ அண்ணை, ஏதும் வழி இருக்கும் எண்டு. அவளுக்கு அங்க எவ்வளவு கஷ்டம் எண்டு உனக்குத் தெரியாது எண்டார். ஜனவரியில உனக்குப் பதவி வந்தோடன, லட்டு வாங்கிக்கொண்டு வந்து லொறிக்குள்ள வச்சு எல்லாருக்கும் குடுத்தவர். இன்னும் ஒரு மாசம்தான், பன்ரண்டு முடிஞ்சா நான் நிண்டுடுவன் எண்டார். செவ்வாய்க்கிழமை நாலாம் திகதி. கடைசி உறை.”

வித்தியா உறைகளைப் பார்த்தாள். அப்பாவின் எழுத்து. எண்பது அல்பேட்டினது.

“தவறினா ஒண்டுமில்லை, மாமா,” என்றாள். “கூட்டித் தாற வட்டி போகும். மூடினா என்ர எண்ணிக்கையில ஒண்டு கழியும். நாப்பத்தொண்டில ஒண்டு. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான்.”

அன்டன் அவளையே பார்த்தார். அவருடைய முகம் மெல்லச் சிவந்தது. பிறகு கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். அது ஆறிப்போயிருக்க வேண்டும். குப்பைக் கூடைக்குள் அப்படியே போட்டார்.

“அதை அவருக்கு ஒருத்தரும் சொல்லேல்லை,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவள் அங்கேயே நின்றாள். யாரிடமாவது கத்த வேண்டும் போலிருந்தது. விடியற்காலை வேலைக்குக் கிழவரைச் சேர்த்துக்கொண்டவர்களிடம். நாற்பது என்று எங்கோ ஓர் அறையில் இருந்து எழுதி அனுப்பியவனிடம். எழுத்தில் வாங்கிவிட்டேன் என்ற பற்றிக்கிடம். தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் இருந்த அம்மாவிடம். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பெட்டிக்குள் கிடக்கிற மனிதரிடம். ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டார்களே, ஒரே ஒரு கேள்வி. கேட்டார்தான். அவளும் பதில் சொன்னாள்.

உள்ளே ஐயர் மணி அடித்தார்.

விதுர்சன் பற்றறி மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு பெட்டியைச் சுற்றி வந்தான். அது அணைந்து அணைந்து எரிந்தது. இரண்டாவது சுற்றில் அவன் அதைக் கையில் ஒருமுறை தட்டினான். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு வாய்க்கரிசி. முதலில் அம்மா. தட்டிலிருந்து மூன்று முறை அரிசி எடுத்தாள். மூன்றாவது முறை கை அப்பாவின் வாயருகில் நெடுநேரம் நின்றது. வித்தியா போட்டாள். உறவுக்காரப் பெண்கள் போட்டார்கள். வரிசை குறைந்தது. கடைசியில் ஊன்றுகோலோடு ஒருத்தி வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு காலை இழுத்து இழுத்து வைத்தாள். கோட்டுக்குக் கீழே நைந்த நீலச் சேலை தெரிந்தது. ஊன்றுகோலைப் பெட்டியில் சாய்த்துவிட்டு அரிசியைப் போட்டாள். போட்டதும் அப்பாவின் சால்வை மடிப்பைச் சரி செய்தாள், கூட வேலை செய்கிறவரின் சட்டைக் கழுத்தைச் சரி செய்வது போல.

பெயரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான்கு நாளாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்த கேள்வி வித்தியாவின் வாயில் இல்லை. கைப்பையைத் திறந்தாள். உறையை எடுத்து நீட்டினாள்.

“இது உங்கட.”

நல்லம்மா உறையின் மேலிருந்த தன் பெயரைப் பார்த்தாள். வாங்கவில்லை. வித்தியாவின் கையோடு சேர்த்து அதை மூடினாள். அவளுடைய விரல்களில் இரண்டு மூன்று அரிசி ஒட்டியிருந்தது.

“வேண்டாம், பிள்ளை. இந்த மாசம் நானே போட்டிட்டன்.”

“எங்கால?”

“வாடகைக் காசு இருந்துது. அது அடுத்த கிழமை குடுக்கலாம். அருமைநாதனும் போட்டிட்டான். அல்பேட்டும். அண்ணை செத்த கிழமையே நாங்கள் தவறினம் எண்டு இருக்கக் கூடாதெண்டு கதைச்சனாங்கள்.” அவள் ஊன்றுகோலை எடுத்தாள். போகத் திரும்பியவள், நின்றாள். பெட்டியை ஒருமுறை பார்த்தாள். பிறகு, கேட்கக் கூடாத இடத்தில் கேட்கிறோமோ என்ற கூச்சத்தோடு, வித்தியாவின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

வெள்ளைக் கையுறை போட்ட பெண் மூடிக்குப் பக்கத்தில் வந்து காத்து நின்றாள்.

“பன்ரண்டும் முடிஞ்சுதுதானே, பிள்ளை. இனி நான் அதை மூடினா, உனக்கு ஒண்டும் வராதோ?”